இரட்டை அம்பு

இந்த டிக்கெட்டில் விளாத்திகுளம் என்றுதானே போட்டிருக்கிறது? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் அம்மா. இப்போதெல்லாம் சின்ன மெஷினில் அடித்துக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள், மை பிடிப்பதே இல்லை. என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. சரி, விளாத்திகுளம்தான். நல்லது.

நீங்கள் மடியில் வைத்திருப்பது கம்ப்யூட்டர் பைதானே? கைக்குழந்தையை வைத்திருக்கிற மாதிரி வைத்திருக்கிறீர்கள், அதிலேயே தெரிகிறது. எனக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். நம்ப மாட்டீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள். பதினெட்டு வருஷம் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினேன். அப்புறம் இந்த வேலை. ஆறு வருஷமாகிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் மவுஸ் இருக்கும், படம் படமாய் இருக்கும். எங்களுடையதில் அதெல்லாம் கிடையாது. கறுப்புத் திரை. அதில் ஒரு சின்னக் கட்டம் மினுக்கும். நாம் ஒரு வரி அடித்தால் அது ஒரு வேலை செய்யும். லினக்ஸ் என்று பெயர். தெரியாதா? இந்தப் பையை வைத்துக்கொண்டா தெரியாது என்கிறீர்கள்? போகட்டும், நான் சொல்கிறேன். எட்டயபுரம் தாண்டும்வரை பொழுது போக வேண்டுமே.

எங்கள் இடம் பிரெய்ல் அச்சகம். கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் தயாரிக்கிறோம். சாதாரணப் புத்தகத்தைப் பார்த்து நாங்கள் நாலு பெண்கள் வரி வரியாய் டைப் அடிப்போம். அதை மெஷின் புள்ளியெழுத்தாக மாற்றும். பிறகு இன்னொரு மெஷின் தடித்த தாளில் புள்ளி புள்ளியாய்க் குத்தித் தள்ளும். மேலாளர் தேவசகாயம் சார். அவருக்கும் கண் தெரியாது. விரலால் தடவித்தான் பிழை பார்ப்பார். அவருக்குப் படம் போட்ட கம்ப்யூட்டரால் என்ன பயன்? கறுப்புத் திரை என்றால் ஒவ்வொரு வரியையும் அவர் காதில் படித்துக் காட்டுகிற ஏற்பாடு இருக்கிறது. அதனால் அவர் எதில் வேலை செய்கிறாரோ அதில்தான் நாங்களும். நாலு மேஜை, நாலு திரை, உள்ளே ஒரே பெரிய மெஷின். அதில் எங்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு ஒரு தனி அறை மாதிரி. அடித்து முடித்த பக்கத்தைப் போடுவதற்கு ஒரு பொதுக் கூடம், அங்கே யார் பக்கத்தையும் யாரும் திறந்து திருத்தலாம்.

சார் பாராட்ட மாட்டார். பக்கம் சரியாயிருந்தால் விரல் பேசாமல் போய்க்கொண்டிருக்கும். தப்பு இருந்தால் விரல் நிற்கும். மெஷினும் அவரை மாதிரிதான். சரியாய் ஒரு உத்தரவு போட்டால் ஒரு வார்த்தை சொல்லாது, அடுத்த வரிக்குப் போய்க் காத்திருக்கும். தப்பாய்ப் போட்டால்தான் வாயைத் திறக்கும். எங்கள் வீட்டுக்காரரும் அப்படி என்பதால் எனக்கு அது பழக்கம்தான். என் பக்கத்தில் சாரின் விரல் நின்றதே இல்லை. முதலில் நின்றிருக்கலாம். இந்த இரண்டு வருஷமாக நின்றதே இல்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வியை இந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். முத்துச்செல்வி, என் ஓரகத்தி. என் கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, நாங்கள் கீழே, அவர்கள் மாடி. என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். பத்தாவது பாஸ். வீட்டில் சும்மா இருக்கிறாளே, பிள்ளையும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டதே என்று நான்தான் சாரிடம் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

எங்களிடம் எழுதுவதற்கு விஐ என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தவுடன் எழுத முடியாது. முதலில் ஐ எழுத்தை அழுத்தி, நான் எழுதப்போகிறேன் என்று அதனிடம் அனுமதி வாங்க வேண்டும். மறந்து போய் அடித்தால் ஒவ்வொரு எழுத்தையும் உத்தரவாய் எடுத்துக்கொண்டு வரியைத் தூக்கும், பக்கத்தை அழிக்கும். எழுதி முடித்தபின் அதை விட்டு வெளியே வருவது அதைவிடப் பாடு. முதல் வாரம் நான் வெளியே வரத் தெரியாமல் மெஷினையே அணைத்திருக்கிறேன். அது கைக்கு வர எனக்கு மூன்று மாசம் ஆனது. செல்விக்கு ஒன்பது நாள். நான் எண்ணினேன்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு நடந்து வரும்போது, "லேசாத்தான் இருக்குக்கா, நீங்க சொல்லிக்குடுத்த விதம் அப்படி" என்றாள். எவ்வளவு திமிர் பாருங்கள். நான் மூன்று மாசம் பட்ட பாடு அவளுக்கு லேசாம்.

அப்புறம் ஒரு நாள் என் மேஜையில் ஒரு கண்ணாடி இருந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி, பிளாட்பாரத்தில் தொங்கவிட்டு விற்பார்களே, அது. அவள்தான் வாங்கி வைத்திருந்தாள். "போட்டுப் பாருங்கக்கா, பிடிக்கலன்னா நான் போட்டுக்கிறேன்" என்றாள். முப்பத்துநாலு வயதில் இவளுக்கு எதற்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி? நாலு பேர் பார்க்க என்னைக் கிழவியாக்க வேண்டும், அவ்வளவுதான். இழுப்பறையில் போட்டு மூடினேன்.

கண்டக்டர் ஏன் இப்படி விசில் ஊதுகிறான்? காது போகிறது.

எங்கே விட்டேன்? புள்ளியெழுத்தாக மாற்றுவது. ஒரு பாடத்தை மாற்ற மெஷினுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் நான் திரையைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பேன், அதுதான் வழக்கம். ஒரு நாள் பார்க்கிறேன், செல்வி மாற்றப் போட்டுவிட்டு அதே திரையில் அடுத்த பக்கத்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். எப்படி என்று பேச்சியம்மாள் கேட்டாள். பேச்சியம்மாள் மூன்றாவது மேஜை. வரியின் கடைசியில் ஒரு குறி போட்டால் அந்த வேலை பின்னால் போய் ஓடுமாம், நாம் முன்னால் வேறு வேலை பார்க்கலாமாம். சாரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாளாம். சார் அன்றைக்கு, "செல்வி, நல்லாருக்கே" என்றார். என் காதால் கேட்டேன். நாலு வருஷத்தில் நான் கேட்காத வார்த்தை. பேச்சியம்மாள் என்னைப் பார்த்து, "உங்க வீட்டு மாடி வளருது போல" என்றாள்.

மெஷினுக்குள் ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர் உண்டு. பிஎஸ் என்று அடித்து இன்னும் இரண்டு எழுத்துச் சேர்த்தால் யாருடைய வேலை எந்த நம்பரில் ஓடுகிறது என்று பட்டியல் வரும். ஒரு வேலை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால் கில் என்று அடித்து நம்பரைப் போட்டால் செத்துவிடும். அன்றைக்கு நான் பட்டியலைப் பார்த்தேன். செல்வியின் பெயர், அவளுடைய வேலை, நாலாயிரத்து நூற்று இருபத்தேழு. ரொம்ப நேரமாய் ஓடுகிறதே, மாட்டிக்கொண்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நல்ல எண்ணத்தில்தான் கில் போட்டேன். மெஷின் வாயைத் திறந்தது. இந்த வேலையைத் தொட உனக்கு அனுமதி இல்லை என்றது. அடுத்தவர் வேலையை நிறுத்த முடியாதாம். ரூட் என்று ஒருவர் இருக்கிறார், அவரால் மட்டும்தான் முடியும். எந்த அறையையும் திறக்கலாம், எதையும் நிறுத்தலாம், எதையும் அழிக்கலாம். அந்த ரூட் பாஸ்வேர்டு சாரிடம் மட்டும்தான் இருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் அது வேண்டும் என்று தோன்றியது. கெட்ட காரணத்துக்கு இல்லை. மூத்தவளிடம் சாவி இருப்பதுதானே முறை.

போன பொங்கல் கழிந்து சார் எங்களைக் கூப்பிட்டார். முழங்கால் ஆபரேஷனுக்கு மகள் வீட்டுக்கு நாகர்கோவில் போகிறார், மூன்று மாசம் ஆகும், பக்கத்தைத் தபாலில் அனுப்புங்கள், தடவிப் பார்த்துப் போனில் சொல்கிறேன் என்றார். போவதற்குமுன் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் முடிய வேண்டும். பரீட்சைக்குப் பிள்ளைகள் காத்திருக்கின்றன. முடிந்ததும் ரூட் பாஸ்வேர்டை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவேன் என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. நான் மூத்தவள். ஆறு வருஷம். சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அம்பு கதையைச் சொல்கிறேன். சாதாரணமாய் மெஷினிடம் ஒன்று கேட்டால் பதில் திரையில் விழும். ஒரு அம்புக்குறி போட்டு ஃபைலின் பெயரை எழுதினால் பதில் திரைக்கு வராமல் அந்த ஃபைலுக்குள் போய் விழும். ஒற்றை அம்பு என்றால், பாத்திரத்தில் இருப்பதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் புதிதாய் ஊற்றும். இரட்டை அம்பு என்றால், இருப்பதன் மேலேயே ஊற்றும். பதினாலு பாடம். ஒவ்வொரு பாடமாய் இரட்டை அம்பு போட்டுப் புத்தகம் என்ற ஒரே ஃபைலில் சேர்த்துக்கொண்டு வந்தோம். சார் தடவிச் சொன்ன திருத்தமெல்லாம் அந்தச் சேர்த்த ஃபைலில்தான் போட்டோம். இரண்டு மாசத் திருத்தம். தனித்தனிப் பாடங்களில் அது கிடையாது.

சேர்க்கிற வேலை செல்வியுடையது. கடைசிப் பாடம் நான் அடித்தது. அன்று காலை அவள் மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று பதினொரு மணிக்குத்தான் வருவேன் என்றாள். நான் அடித்த பாடத்தைச் சேர்க்க இவள் வந்து தொட வேண்டுமா? சார் வரும்போது, புத்தகம் முடிந்தது சார் என்று நான் சொல்ல வேண்டும். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபைலில் இருப்பதை எடுத்து ஊற்றுகிற உத்தரவு கேட். கேட் என்று அடித்தேன், பாடத்தின் பெயரை அடித்தேன், அம்பு போட்டேன், புத்தகம் என்று அடித்து என்டரைத் தட்டினேன்.

மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரிக்குப் போய்க் காத்திருந்தது. தப்பு செய்தால்தான் வாயைத் திறக்கும் என்று ஆறு வருஷமாய் நம்பியிருந்தேன் அம்மா. அன்றைக்கு அது திறக்கவில்லை.

சார் வந்தார். "புத்தகம் முடிஞ்சது சார்" என்றேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்படியா? மொத்தம் எத்தனை வரி வந்திருக்கு?" என்றார். வரியை எண்ணுவதற்கு ஒரு உத்தரவு இருக்கிறது. போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. ஒன்பதாயிரத்துக்கு மேல் வர வேண்டும். இன்னொரு தரம் போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு.

"செண்பகம்மா, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் சார்.

"எண்ணிக்கிட்டிருக்கு சார்" என்றேன்.

அந்த மெஷின் எண்ணுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது. அது அவருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துச் செல்வி உள்ளே வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். மேலே நான் அடித்த வரி அப்படியே இருந்தது. ஒற்றை அம்போடு. நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். நேத்து சாயங்காலம் சேர்க்கும்போது ஒத்தை அம்பு போட்டுட்டேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் உறைச்சுது. நகல் இருக்கு சார், பத்து நிமிஷம் குடுங்க."

"நீயா?" என்றார் சார்.

"நான்தான் சார்."

சார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "சரி" என்று எழுந்து போனார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தினமும் வேலை முடிந்து கிளம்பும்போது புத்தகத்தை ஒரு நகல் எடுத்துத் தன் அறையில் வைத்திருக்கிறாள். அதைக் கொண்டுவந்து போட்டு, என் பாடத்தை இரட்டை அம்பால் சேர்த்தாள். ஒன்பதாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அதுவும் இல்லை. மத்தியானம் சாப்பிடும்போது என் டிபன் டப்பாவில் அவள் வீட்டுக் கத்தரிக்காயை எடுத்து வைத்தாள்.

நீங்களே சொல்லுங்கள். யார் கேட்டார்கள் அவளை? சாருக்கு முன்னால் நல்ல பெயர் வாங்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி உண்டா? தப்பு செய்யாமலேயே ஒப்புக்கொள்வது. எவ்வளவு நேர்மையான பெண் என்று சார் நினைத்திருப்பார் இல்லையா? எனக்கென்று இருந்தது அந்த ஒரு தப்புதான், அதைக்கூட அவள் எடுத்துக்கொண்டாள்.

எட்டயபுரம் வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்பான். நீங்கள் இறங்கப்போவதில்லையே? நல்லது. தண்ணீர் வேண்டுமா? என்னிடம் இருக்கிறது.

சார் கிளம்புகிற நாள் எங்களை வரிசையாய் உட்காரவைத்தார். "ஒருத்தர்கிட்டதான் குடுக்கணும்" என்றார். "செல்வி..." என்று ஆரம்பித்தார். அவள் எழுந்து நின்று, "அக்கா இருக்காங்களே சார், அவங்க இருக்கும்போது நான் எப்படி?" என்றாள். சார் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தடித்த அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். பாஸ்வேர்டைப் புள்ளியில் குத்தி வைத்திருந்தார். வேறு எந்தத் தாளிலும் அது கிடையாது. சுவரில் எழுத்துப் பட்டியல் தொங்கும், அதைப் பார்த்து நான் ஒவ்வொரு புள்ளியாய் எழுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

"இது இருந்தா மெஷின்ல உங்களுக்கு மறைவே கிடையாது. அதனால எதையும் தேடிப் பாக்காதீங்க" என்றார். பிறகு, "அம்பை ரெண்டு தரம் எண்ணிட்டு என்டர் தட்டுங்க, செண்பகம்மா" என்றார். எல்லாருக்கும் சொல்கிற பொதுவான அறிவுரைதான்.

வேண்டியது கிடைத்துவிட்டதே என்கிறீர்கள். எங்கே கிடைத்தது? இலையில் விழுந்ததை அவள் எடுத்து என் இலையில் வைத்தாள். அப்படி வந்ததை எப்படி அம்மா சாப்பிடுவது?

முதல் நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போனபின், நான் ரூட்டாகப் போய் மெஷினில் அவள் அறையைத் திறந்தேன். தேடவில்லை. சும்மா பார்த்தேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டுகிற எல்எஸ் அடித்தேன். புத்தகத்தின் நகல்கள் இருந்தன. அவள் மகளின் வீட்டுப்பாடம் ஒன்று இருந்தது. கடைசியில் ஒரு ஃபோல்டர். அதன் பெயர் அக்கா.

உள்ளே போனேன். தேதி தேதியாய் ஃபைல்கள். எல்லாம் என் பக்கங்கள். இரண்டு வருஷம், அவள் சேர்ந்த முதல் மாசத்திலிருந்து, நான் அடித்துக் கூடத்தில் போட்ட ஒவ்வொரு பக்கமும். தினமும் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு எடுத்தது. அந்த நேரத்தில் நான் கை கழுவப் போயிருப்பேன்.

இரண்டு ஃபைலை ஒப்பிடுவதற்கு டிஃப் என்று ஒரு உத்தரவு இருக்கிறது. இரண்டும் ஒன்றாயிருந்தால் மெஷின் பேசாது. அவளிடமிருந்த என் பக்கத்தையும் கூடத்தில் இருந்த என் பக்கத்தையும் கொடுத்து ஒப்பிடச் சொன்னேன். தடதடவென்று இறங்கியது. கூடத்தில் இருக்கிற வரி அவளிடமிருந்த நகலில் இல்லை. பக்கத்துக்கு இரண்டு வரி, சில இடத்தில் மூன்று. புத்தகத்தில் அடுத்தடுத்த இரண்டு வரி ஒரே மாதிரி தொடங்கினால் நடுவில் ஒன்றை நான் தாண்டியிருக்கிறேன். நான் தாண்டிய வரியையெல்லாம் அவள் தேடிப் பார்த்து அடித்துச் சேர்த்திருக்கிறாள், சாரின் விரலுக்குப் போவதற்கு முன்னால்.

அந்தப் புத்தகத்தில் எழுத்து அவ்வளவு சின்னது அம்மா. எந்தக் கண்ணுக்கும் அப்படித்தான் ஆகும்.

நான் அடித்ததை ஏன் எடுத்து வைத்திருக்கிறாள்? யோசித்துப் பாருங்கள். நாளைக்கு ஒரு சண்டை வந்தால் காட்டுவதற்கு. இதோ பார், உன் லட்சணம் என்று. வேறு எதற்கு? ஆர்எம் அடித்தேன், அழிக்கிற உத்தரவு அது, அந்த ஃபோல்டரின் பெயரை அடித்தேன். அனுமதி இல்லை என்று ரூட்டிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். என்டர் ஒன்றுதான் பாக்கி. அப்போது சாப்பிடப் போனவர்கள் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாய் அழித்துவிட்டேன். நேரம் இல்லை, அதனால்தான்.

அதற்கப்புறம் நேரம் கிடைத்த நாளெல்லாம் அதைத் திறந்தேன், அழித்துவிடலாம் என்றுதான். திறந்தால் அன்றைக்கு நகல் எடுத்தாளா என்று பார்ப்பேன். எடுத்திருப்பாள். ஒப்பிட்டுப் பார்ப்பேன். எத்தனை வரி என்று எண்ணுவேன். சரி, நாளைக்கு அழித்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவேன். இப்படியே இரண்டரை மாசம். கிளம்புவதற்குமுன் அதைப் பார்க்காவிட்டால் எனக்கு எதையோ மறந்த மாதிரி இருக்கும்.

போன திங்கட்கிழமை கிளம்புகிற நேரத்தில் சார் போன் பண்ணினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேச்சியம்மாள் போனை மேஜையில் வைத்தாள். "செண்பகம்மா, பதினோராம் வகுப்பு பூகோளம் தடவிட்டேன். உங்க பக்கத்துல என் விரல் எங்கயும் நிக்கல" என்றார். ஆறு வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. தலையைத் தூக்கினால் எதிர் மேஜையில் செல்வி சிரிக்கிறாள். சந்தோஷமாய், தன் பிள்ளை பரிசு வாங்கின மாதிரி. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

போனை வைத்ததும் கேட்டேன். "என் பக்கத்தை எதுக்கு டெய்லி திருடி வைக்கிற? உன் ஃபோல்டரு, அதுல இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். இனிமே என் எழுத்துமேல உன் கை பட்டுச்சுன்னா நடக்கிறது வேற."

அவளுக்குப் புரிந்துவிட்டது, நான் திறந்து பார்த்திருக்கிறேன் என்று. ஏன் பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. "காட்டிக்குடுக்கிறதுக்கு வைக்கலக்கா. நான் சேத்த வரி தப்பாப் போச்சுன்னா, நீங்க அடிச்சது அடிச்சபடி இருக்கணும்ல, அதுக்குத்தான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "சரிக்கா. இனிமே தொடமாட்டேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு விளாத்திகுளத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கொழுந்தனிடம் கேட்டால், அம்மாவுக்கு உடம்புக்கு முடியலையாம் என்கிறான். என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நாலு நாளாய் அந்த ஃபோல்டரில் அவள் எடுத்த நகல் ஒன்றும் வரவில்லை. செவ்வாய், ஐந்து நாற்பதுக்குப் பார்த்தேன், இல்லை. ஆள் இல்லை, எப்படி வரும் என்கிறீர்கள். அது எனக்கும் தெரியும். புதனும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கங்களைத் தபாலில் போட்டிருந்தோம், வியாழக்கிழமை சார் போன் பண்ணினார். ஒரு பக்கத்தில் வாக்கியம் பாதியில் அறுந்து, விரல் மூன்று இடத்தில் நின்றதாம். இன்னொன்றில் நாலு இடம். "உடம்பு சரியில்லையா செண்பகம்மா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அடுத்த மாசம் அந்தப் புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும். விடுபட்ட வரி விடுபட்டது என்று அதுகளுக்கு எப்படித் தெரியும்? தடவுவதுதான் புத்தகம் என்று படித்துவிட்டுப் போகும்.

நகல் எடுப்பது பெரிய வித்தை இல்லை. சிபி எனக்கும் தெரியும். ரூட் என் கையில் இருக்கிறது. நேற்று சாயங்காலம் கை கழுவப் போகவில்லை, நானே உட்கார்ந்து என் பக்கத்தை நகல் எடுத்து அந்த ஃபோல்டரில் வைத்தேன். ஐந்து நாற்பதுக்கு. பிறகு டிஃப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டேன். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? நானே எடுத்த நகலில் நான் விட்ட வரி எப்படி அம்மா இருக்கும்?

ரொம்ப நேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்கவும் போகவில்லை, மூத்தவள் எதற்குக் கேட்க வேண்டும்? பொறுப்பில்லாமல் பாதி வேலையில் விட்டுவிட்டு வந்தாயே, இது உனக்கே நன்றாயிருக்கிறதா என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். பையில் இருப்பது சேவும் கருப்பட்டி மிட்டாயும். குழந்தை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. அந்த அட்டையும் இருக்கிறது, சார் கொடுத்தது. அது தனியாய் என் மேஜையில் இருக்க வேண்டாம் என்று எடுத்து வந்தேன். அவள் விரலுக்குப் புள்ளியெழுத்து தெரியும், பட்டியலைப் பார்க்காமலேயே படிப்பாள். அதையும் எப்போது கற்றுக்கொண்டாளோ, எனக்குத் தெரியாது.

வேகம் குறைகிறது. வந்துவிட்டோம் போலிருக்கிறது. கொஞ்சம் வழிவிடுங்கள் அம்மா, உங்கள் கம்ப்யூட்டரை மிதித்துவிடப் போகிறேன். அந்த போர்டில் என்ன எழுதியிருக்கிறது? விளாத்திகுளம்தானே? முழுதாய்ப் படித்துச் சொல்லுங்கள்.